நைனாவின் ஜிங்கும் என் ஜிங்கும்

1

இந்த ஊருக்கு நான் வந்து இன்றோடு மூன்று வருஷம் ஆகிறது. காலையில் போலீஸ் அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்பும்போது, நாட்டுக்குள் வந்த தேதியைக் கேட்கிற கட்டத்தில் பேனாவை வைத்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரிய கம்பளிக் கோட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் எங்கோ எழுந்து போயிருந்தார்.

ஸ்வீடனில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது போலீஸ்காரர்கள். முதல் தடவை போலீஸிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தபோது, பிரிப்பதற்கு முன் முகவரியை இரண்டு தடவை சரிபார்த்தேன். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்குள் போலீஸ் வந்தால் ஒன்று கள்ளச் சாராயம், இல்லையென்றால் அடிதடி. இங்கே போலீஸ் அலுவலகத்தின் சன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நம் முறை வந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஆனால் அவர்கள் கூப்பிடுவது என் பெயரை இல்லை. என் பெயர் மாசிலாமணி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்திருப்பதால், அதுதான் எங்கள் குடும்பப் பெயர் என்று முதல் நாளே எழுதிக்கொண்டார்கள். அது அப்படி இல்லை, ஊரில் எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று நான் விளக்கினேன். எதிரே இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார். அன்றிலிருந்து போலீஸ், தபால் ஆபீஸ், ஆய்வுக்கூடம் எல்லா இடத்திலும் நான் கன்னியப்பன். மூன்று வருஷமாக நைனாவின் பெயரை யாராவது சொன்னால் நான் எழுந்து நிற்கிறேன். எங்கள் வீட்டில் அம்மாகூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் ஊருக்கு எழுதிய ஒரு கடிதம்தான் நைனாவைக் குடிக்க வைக்கிறது என்று கடந்த பதினொரு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் தங்கையின் கடிதம் வந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

நம் ஊர்ப் பக்கத்தில் என்னை எக்ஸ்ரே டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். ஆவடியிலிருந்து ஒருவர், தம் பெண்ணுக்கு எக்ஸ்ரே டாக்டர் மாப்பிள்ளை கிடைத்தால் தேவலை என்று ஜாதகத்தோடு வந்து போனதாகத் தங்கை சரோஜா எழுதியிருந்தாள். நான் எந்த மனிதனுக்கும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. நாங்கள் எடுப்பது படிகத்துக்கு.

ஈரலில் ஒரு பொருள் இருக்கிறது. என்சைம் என்பார்கள். உடம்புக்குள் போகிற சாராயத்தை வேறொன்றாக மாற்றும் வேலையைச் செய்வது அது. துத்தநாகம் இல்லையென்றால் அந்த வேலை நடக்காது. அது எப்படிப்பட்ட உருவம், அதற்குள் துத்தநாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் கூடத்தின் வேலை. கண்ணாலோ எந்த மைக்ராஸ்கோப்பாலோ பார்க்க முடியாத சிறிய பொருள். ஆகவே அதைப் படிகமாக வளர்த்து, எக்ஸ் கதிரை அதன்மேல் விட்டு, சிதறி வரும் புள்ளிகளைப் படம் பிடித்து, எந்தப் புள்ளி எவ்வளவு கறுப்பு என்று அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தை மீட்க வேண்டும். அளந்தால் மட்டும் போதாது. படிகத்துக்குள் தங்கம், பாதரசம் மாதிரி கனமான உலோகங்களை ஊறவைத்து, புள்ளிகள் எப்படி மாறுகின்றன என்று மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். பாதி மாதங்கள் அதிலேயே போகும்.

குதிரை ஈரலிலிருந்து எடுக்கிறோம். கசாப்புக் கூடத்திலிருந்து ஈரலை வாளியில் கொண்டுவருவது முதல் வருஷம் என் வேலை. இந்த மொழி அப்போது எனக்கு வராது. ஈரலைக் கொடுக்கிற பெரியவரிடம் ஏதாவது கேட்டால், ஆமாம் என்பதற்குப் பதிலாக 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுப்பார். நம் ஊரில் எழவுச் செய்தி கேட்டால்தான் அப்படி இழுப்பார்கள். யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே நிறையப் பேர் அப்படித்தான் ஆமாம் சொல்கிறார்கள் என்று.

படிகம் வளர்ப்பது குளிர் அறையில். என்சைம் கரைசலைச் சவ்வுப் பையில் கட்டி ஒரு திரவத்துக்குள் தொங்கவிடுவோம். அந்தத் திரவத்தில் சாராயச் சத்தைச் சேர்க்க வேண்டும். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட, இன்றைவிட நாளை கொஞ்சம் கூட. அவசரப்பட்டு ஊற்றினால் உள்ளே எல்லாம் சேறு மாதிரிக் கலங்கிப்போகும், எடுத்துக் கொட்ட வேண்டியதுதான். பொறுமையாகச் செய்தால் ஒரு நாள் காலையில் பையின் உட்புறம் ஊசி ஊசியாக மின்னும். சாராயத்தை அழிக்கிற பொருளை, துளித்துளியாய்ச் சாராயம் சேர்த்துத்தான் நம் வசத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முதல் தடவை இதைச் செய்தபோது நைனாவை நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும்.

3

நைனாவின் அப்பா காலம்வரை ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அம்பத்தூர்ப் பக்கம் நிலமெல்லாம் தொழிற்பேட்டையானபோது, நாற்று நட்டவர்கள் கம்பெனி ஷெட்டுகளுக்குள் போனார்கள். நைனா போனது, துருப்பிடிக்காமல் இருக்க வாளியை ஜிங்கில் முக்குகிற ஷெட்டுக்கு. என் பாடப் புத்தகத்தில் துத்தநாகம், அவர் வாயில் ஜிங்கு. இரும்பு வாளியை முதலில் ஆசிட் தொட்டியில் போட்டுக் கழுவி, பிறகு உருகிக் கொதிக்கும் ஜிங்குத் தொட்டிக்குள் இடுக்கியால் பிடித்து முக்கி எடுக்க வேண்டும். முக்கும்போது வெள்ளையாகப் புகை எழும்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்ஜுரம் வரும். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை போனால் கட்டாயம் வரும். வாரம் முழுக்கப் போனால் உடம்பு பழகிப்போய் வராது. அதனால் நைனாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடிக்காது.

முக்கி எடுத்த வாளி ஆறும்போது அதன் மேல் பூப்பூவாக ஒரு கோலம் விழும். இதை நீங்கள் எல்லோரும் கிணற்றடியில் பார்த்திருப்பீர்கள். பூ பெரிதாக விழுந்தால் நல்ல வேலை. அவசரமாகத் தண்ணீரில் போட்டு ஆற்றினால் பூ விழாது. ஷெட்டில் வாளியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, 'பூ வுழுந்துகீது' என்று சொன்னால் அது தேறியது என்று அர்த்தம். ஒரு பக்கம் நசுங்கிப்போன வாளி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் பூக்களை விரலால் தடவிக்கொண்டு குளித்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அவை துத்தநாகப் படிகங்கள் என்று எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். சரோஜா எட்டாவது வரை. என் கடிதம் வந்தால் அவள்தான் சத்தமாகப் படிப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. பக்கத்து வீட்டார் வருவார்கள், நைனாவோடு அதே தொட்டியில் வேலை செய்யும் துலுக்காணம் மாமா வருவார். ஆகவே நான் எழுதுகிற எதுவும் தெருவுக்கே எழுதுவதுதான்.

4

நான் கிளம்பி வந்த மறு வருஷம் சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்தது. அதற்கு முன்பும் நைனா குடித்தவர்தான், ஒளிந்து ஒளிந்து. இப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் கடையே வந்துவிட்டதால் ஒளிய வேண்டியதில்லை.

கடை வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன். முதன்முதலாக என் கையால் நல்ல படிகம் வளர்ந்திருந்த சந்தோஷம். வீட்டுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று ரொம்ப யோசித்து எழுதினேன்: 'நைனா முக்குகிற அதே ஜிங்குதான் மனிதன் ஈரலுக்குள்ளும் இருக்கிறது. குடித்த சாராயத்தை உடைப்பது அதுதான். நைனா டன் கணக்கில் பார்த்த உலோகத்தில் நாலே நாலு அணுவை நான் இங்கே தேடிக்கொண்டிருக்கிறேன்.'

ஒரு மாதம் கழித்துச் சரோஜாவின் நீலக் கடிதம் வந்தது. நைனா என் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர் எடுக்கவே இல்லையாம். கடைக்கும் அதோடுதான் போகிறார், படிக்கத் தெரிந்த ஆள் யார் வந்தாலும் நீட்டிப் படிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். கடையில் அவர் பேசியதைத் துலுக்காணம் மாமா வந்து நடித்தே காட்டினாராம். அதை அப்படியே எழுதியிருந்தாள்.

"எம் புள்ள சீமைலேர்ந்து எய்திகீறான் மச்சான். ஈரலுக்குள்ள ஜிங்கு கீதாம். சரக்கு உள்ள போனா அந்த ஜிங்குதான் அத்த ஒடைக்குதாம். எத்தினி வருசமா ஜிங்குப் பொகைய இஸ்துகினு கீறவன் நானு. எனுக்கு உள்ள ரெண்டு முக்கு முக்கியாச்சி. துரு ஏறுமா?"

"அப்ப எனுக்கு ஒரு முக்குதான் மச்சான். நான் ஒனக்கு அப்பால சேந்தவன்" என்று துலுக்காணம் மாமா சொன்னாராம். கடையே சிரித்ததாம்.

கடிதத்தின் கடைசியில் சரோஜா எனக்கென்று இரண்டு வரி எழுதியிருந்தாள். 'இப்போதெல்லாம் தினமும் போகிறார் அண்ணா. கேட்டால் உன் லெட்டரைக் காட்டுகிறார். படித்தவன் நீ, எதை எழுதினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்கு ஏன் தெரியாமல் போனது?'

5

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. இங்கே குளிர்காலத்தில் அப்படித்தான். நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சவ்வுப் பைகளைப் பார்க்கிற பாவனையில் நின்றிருந்தேன். அங்கே நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூக்கு ஒழுகினாலும் குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் மூன்று பக்கம் எழுதினேன். ஈரலில் இருப்பது பூச்சு இல்லை. புகையைச் சுவாசிப்பதால் அது கூடாது. அந்த என்சைம் சாராயத்தை ஒழித்துவிடுவதும் இல்லை, இன்னொரு விஷமாகத்தான் மாற்றுகிறது. தினமும் அந்தச் சுமையை ஏற்றினால் ஈரலே கெட்டுப்போகும். பாடப் புத்தகம் மாதிரி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினேன். சரோஜா அதைத் தெருவுக்கே படித்தாள். நைனா கடைசிவரை கேட்டுவிட்டு, "பையன் பயந்துகினான்" என்றாராம். அவ்வளவுதான்.

இன்னும் கடுமையாக எழுதலாம். ஆனால் அதையும் சரோஜா தெருவின் முன்னால்தானே படிக்க வேண்டும்? அப்பாவைப் பிள்ளை திட்டுகிற கடிதத்தை அவள் எப்படி வாய்விட்டுப் படிப்பாள்? ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வருவது கஷ்டம் என்றார்கள். படிகங்களில் தங்கம் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டையும் காரணமாக வைத்துக்கொண்டு நான் போகவில்லை. இன்று யோசித்தால் அவை நல்ல காரணங்களாகத்தான் தெரிகின்றன. அதுதான் சங்கடம்.

ஒரு முடிவு செய்தேன். இனி ஜிங்கைப் பற்றியோ ஈரலைப் பற்றியோ ஒரு வரியும் வீட்டுக்கு எழுதுவதில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாவிட்டாலும் புதிதாக விறகு போடாமல் இருக்கலாம் அல்லவா? அதிலிருந்து என் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு. நான் நலம். இங்கே குளிர். பனி பெய்கிறது. பனி குறைந்திருக்கிறது. நைனா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஐந்து வாரத்துக்கு முன்பு எங்கள் வரைபடம் முடிந்தது. கம்ப்யூட்டர் தாள் தாளாக எண்களை அச்சடித்துக் கொடுக்கும். சமமான எண்களைச் சுற்றிக் கோடு வரைந்து, அதைக் கண்ணாடி மாதிரியான தகடுகளில் நகலெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் உருவம் தெரியும். கோடு வரைந்தவன் நான். பல மாதம் அதே வேலை. ஒரு தாளில் எண்கள் திடீரென்று ஏறிக்கொண்டே போயின. ஒரு வளையம், அதற்குள் ஒரு வளையம், அதற்குள் இன்னொன்று. சக ஆராய்ச்சியாளர் இங்ரிட் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சை உள்ளே இழுத்தாள். இந்தத் தடவை அது ஆமாம்.

துத்தநாகம். இந்த என்சைம் ஒரே மாதிரியான இரண்டு பாதிகளால் ஆனது. பாதிக்கு இரண்டாக மொத்தம் நான்கு அணு. ஒவ்வொரு பாதியிலும் ஒன்று, வேலை நடக்கிற பள்ளத்தின் அடியில். இன்னொன்று தள்ளி ஓர் ஓரத்தில், நான்கு கந்தக அணுக்களின் நடுவே. அது அங்கே என்ன செய்கிறது என்று இதுவரை எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சும்மா இருக்கிறது.

கேக் வெட்டினார்கள். எல்லோரும் கை குலுக்கிக் கன்னியப்பன், கன்னியப்பன் என்றார்கள். வீட்டுக்கு எழுதிவிட்டாயா என்று இங்ரிட் கேட்டாள். எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

6

போன வாரம் வந்த சரோஜாவின் கடிதத்தை நான் இதுவரை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நைனாவுக்கு வயிறும் காலும் வீங்கிவிட்டன. கண் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரியில் ஈரல் என்றுதான் சொன்னார்களாம். கடைக்குப் போவதை நிறுத்தி நாலு மாசம் ஆகிறது. டாக்டர் சொன்னதனால் இல்லை, கடை வரைக்கும் கால் போகவில்லை. இதையெல்லாம் எனக்கு எழுதக்கூடாது என்று நைனா சத்தியம் வாங்கியிருந்தாராம். எழுதினால் நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேனாம். அவருக்கு அந்த நம்பிக்கை இருந்திருக்கிறது.

'ஆனால் இப்போது சத்தியத்தை மீறி எழுதுகிறேன்' என்று ஆரம்பித்து, என் முந்தின கடிதத்தைப் படித்த அன்று நடந்ததை எழுதியிருந்தாள். படித்து முடித்ததும் நைனா கேட்டாராம்.

"ஜிங்கப் பத்தி ஒண்ணுமே எய்தலியா சரோஜா?"

"இல்ல நைனா. குளிருன்னு எழுதிகீது."

"போன வாட்டியும் அத்தான் எய்தினான். அங்க வேலய வுட்டுத் தூக்கிட்டானுங்களா என்னா? ஜிங்கு கெடைக்கலயோ என்னமோ."

சரோஜா பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாளாம். "அண்ணன் அத்த எழுதித்தான் நீ குடிக்கிறன்னு நாந்தான் எழுதினேன் நைனா. அதான் அது எழுதறதில்ல."

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாராம். பிறகு சொன்னாராம்.

"நான் அத்த நம்பிகினா குட்ச்சேன்? ஓட்ட வாளிய ஜிங்குல முக்குனா தண்ணி நிக்காதுன்னு எனுக்குத் தெரியாதா? குடிக்கிறவன் லெட்டர் வந்தாலும் குடிப்பான், வராங்காட்டியும் குடிப்பான். அந்தக் கடையில வேற எவனுக்கு சீமைலேர்ந்து லெட்டர் வருது? சும்மா நீட்டுனா எவன் படிப்பான்? ஒரு பேச்சு வேணாமா?"

நான் படித்தவன். அவர் படிக்காதவர். ஆகவே அவர் நம்பிவிட்டார் என்று நான்தான் முடிவுகட்டினேன். ஆசிட் எவ்வளவு தின்னும், ஜிங்கு எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்று வாழ்க்கை முழுக்கப் பார்த்த மனிதருக்கு நான் எண் போட்டு மூன்று பக்கம் எழுதினேன். அவர் என் கடிதத்தை வைத்து விளையாட்டாகப் பேசியிருக்கிறார், தம் பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு. அந்தப் பேச்சைத்தான் இத்தனை மாதம் நான் பட்டினி போட்டிருக்கிறேன். அவர் குடியை என் மௌனம் ஒரு சொட்டும் குறைக்கவில்லை.

ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்கான பாரத்தைத்தான் இன்று காலையில் கொடுத்தேன். எதற்காகப் போகிறீர்கள் என்று சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கேட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். ரொம்பவா என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சை உள்ளே இழுத்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு முத்திரை குத்தினார். சீட்டு வர இரண்டு வாரம் ஆகுமாம்.

கடிதம் அதற்கு முன்னால் போய்விடும். வரைபடத்தில் துத்தநாகம் தெரிந்த அந்தத் தாளின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, வளையங்களை அப்படியே நகலெடுத்தேன். நடுவில் ஒரு துத்தநாகம், சுற்றிலும் வளையம் வளையமாக. ஓரத்தைக் கத்தரித்தால் பூ விழுந்த வாளியின் ஒரு துண்டு மாதிரி இருக்கிறது. அதை மடிக்காமல் அட்டைக்கு நடுவே வைத்தேன்.

கடிதத்தில் முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'நைனா, ஜிங்கு கிடைத்துவிட்டது. நாலும் கிடைத்தது. பூ விழுந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.' அதன் பிறகு, எந்த அணு எங்கே இருக்கிறது, ஓரத்தில் சும்மா இருக்கிறதே அது எது, எல்லாவற்றையும் எழுதினேன். குளிரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

சரோஜாவுக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். துலுக்காணம் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள். கதவு திறந்தே இருக்கட்டும். சத்தமாகப் படி. நைனா நிறுத்தச் சொன்னால் நிறுத்து. மறுபடி படிக்கச் சொன்னால் முதலிலிருந்து படி.